சீனத்திலிருந்து வந்த கண்

கறுப்பு வெல்வெட் துணி விரித்த மேசையில் அந்தக் கிண்ணம் இருக்கும். இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினால் நிறைந்துவிடுகிற அளவு. சாம்பல் நிற அடிப்பரப்பு, அதன்மேல் வெள்ளையாகக் கொஞ்சம் புடைத்து நிற்கும் இலைகள், நடுவில் நீண்ட வாலைச் சுழற்றிக்கொண்டு பறக்கும் ஒரு பறவை. விளிம்பைச் சுற்றி அரபி எழுத்துபோல ஒரு வரிசை. ஈரான் நாட்டுக் குயவன் ஒருவன் எழுநூறு வருஷங்களுக்கு முன்பு செய்தது என்றார்கள். அந்தப் பறவைக்கு ஒரு கண். பாதாம்பருப்பு வடிவம், ஓரத்தில் மேலே இழுத்துவிட்ட கோடு, உள்ளே கருமணி. அந்த ஒற்றைக் கண்ணைப் பற்றி ஒரு மனிதர் இரண்டு மணி நேரம் பேசுவார். நான் நின்றுகொண்டே கேட்டிருக்கிறேன். உட்காரச் சொல்ல மாட்டார்.

அவரைத் தெருவே பிரெஞ்சு வழக்கப்படி முசியே என்றுதான் கூப்பிட்டது. புதுச்சேரிக்காரர்தான், தமிழர்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாகச் சேர்ந்து, சண்டை எதையும் பார்க்காமல் கிடங்கில் சாமான் பட்டியல் எழுதியே வயதாகி, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். மனைவியும் பிள்ளைகளும் அங்கேயே தங்கிவிட்டார்கள். கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருந்தார். பாரீசின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய பதினேழு பழைய பீங்கான்களைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் சிலுவைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். இந்தப் பதினேழும் அந்தச் சங்கிலியும் சேர்ந்து அவரை ஒரு அறிஞராக ஆக்கியிருந்தன. பட்டாளத்தில் சாமான்களுக்கு எண் போட்ட கைதான் இங்கேயும் எண் போட்டது. ஆனால் இங்கே அதற்கு ஆராய்ச்சி என்று பெயர்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் நான் அவரிடம் போய்ச் சேர்ந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனர், கடலூரில் ஐஸ் கம்பெனி, ஓசூரில் கல் உடைப்பு என்று சுற்றிவிட்டு, புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் பூ வரைந்த தட்டும் ஓடும் செய்கிற ஒரு தொழிற்கூடத்தில் மூன்று வருஷம் இருந்தேன். அங்கே தூரிகை பிடிக்கக் கற்றுக்கொண்டேன். ஆர்டர் குறைந்து கூடத்தை மூடியபோது படுக்க இடம் இல்லை. முசியே வீட்டுக் கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை காலியாக இருந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது, அலமாரி துடைப்பது, உடைந்ததை ஒட்டுவது, இவற்றுக்குக் கொட்டகையும் இரண்டு வேளைச் சோறும். எனக்கு அது போதுமாக இருந்தது. அதனால்தான் பின்னால் நடந்ததில் எனக்கும் பங்கு வந்தது.

முசியே சொன்ன கதை இது. சீனப் பீங்கானின் வெள்ளையைப் பார்த்து ஆசைப்பட்ட பாக்தாத் குயவர்கள், தங்கள் ஊர் மஞ்சள் களிமண்ணின் மேல் வெள்ளீயம் கலந்த ஒரு வெள்ளைப் பூச்சைப் பூசி, அதன்மேல் நீலத்தில் வரைந்தார்கள். அந்த நீலம் தருகிற கல் ஈரானிலிருந்து சீனத்துக்குப் போய், நீலப்பூ போட்ட சீனத் தட்டாகத் திரும்பி வந்தது. மங்கோலியர் ஈரானைப் பிடித்தபோது சீனப் பட்டில் இருந்த பறவை அவர்களோடு வந்து கிண்ணத்தில் இறங்கியது. அங்கிருந்து துருக்கிக்கு, அங்கிருந்து இத்தாலிக்கு, கடைசியில் பிரான்சுக்கு. பிரான்சு வந்ததும் கதை முடிந்துவிடும். உலகத்துக் கோடுகளெல்லாம் பாரீசில் போய்ச் சேருவதற்காகவே புறப்பட்டன என்பது அவர் நம்பிக்கை. இதில் பெரும்பகுதி உண்மை என்பதைப் பிறகு வடக்கே குர்ஜா போன்ற பீங்கான் ஊர்களில் வேலை செய்தபோது தெரிந்துகொண்டேன். அதுதான் எரிச்சல். முழுப் பொய் பேசுகிறவனை விட்டுவிடலாம். பிறர் பாடுபட்டுக் கண்டுபிடித்த உண்மையைத் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதுபோல் கொடுக்கிறவனை என்ன செய்வது?

இந்தப் பயணத்துக்கெல்லாம் சாட்சி அந்தக் கண். “மத்தத விடு. இந்தக் கண்ணப் பாரு. இது ஈரான்காரன் கண்ணு இல்ல. அசல் சீனாக் கண்ணு” என்பார். அதைப் பற்றி முப்பது பக்கம் பிரெஞ்சில் எழுதி வைத்திருந்தார்.

ஒருமுறை மின்விசிறி சரிசெய்ய வந்த பாய் ஏணிமேல் இருந்தபடியே கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் மதரஸாவில் ஓதியவர். முசியே பெருமையோடு, “படி பாய், ‘இதன் சொந்தக்காரனுக்கு நீண்ட ஆயுள்’னு எழுதியிருக்கு” என்றார். பாய் இறங்கி வந்து கிண்ணத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். “எழுத்து மாதிரிதாங்க இருக்குது. ஆனா எழுத்து இல்லீங்க. நம்ம சின்னப் புள்ளைங்க இங்கிலீஷ் எழுதறன்னு கோழி கிண்டுனாப்ல கிறுக்குமே, அப்டி.” முசியேவுக்கு முகம் சிவந்துவிட்டது. “விசிறிய மட்டும் பாரு” என்றார். பாய் சிரித்துக்கொண்டே, “விசிறி ஓடுதுங்க, எழுத்துதான் ஓடல” என்று ஏணியை மடக்கினார்.

அன்றைக்கு எனக்கு அந்தக் குயவனைப் பிடித்துப்போனது. அவனுக்கும் படிக்கத் தெரியாது. எழுத்து போட்டால் விலை போகும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். எழுத்தின் நடையை மட்டும் பார்த்து, உயரக் கோடு, சாய்ந்த கோடு, ஒரு சுழிப்பு என்று இழுத்துவிட்டான். மேட்டுப்பாளையத்தில் நானும் அதைத்தான் செய்தேன். வெளிநாட்டுக்காரி கொடுத்த படத்தைப் பார்த்து என்ன பூவென்று தெரியாமல் ஆயிரம் பூ வரைந்தேன். கோடுகள் ஊர்விட்டு ஊர் போவது ராஜாக்கள் அனுப்பி அல்ல. பிழைக்கப் போன ஆள், பிடிபட்டுப் போன ஆள், புரியாமல் பார்த்து வரைந்த ஆள், இவர்கள் கைவழியாகத்தான். இதை முசியேவிடம் சொன்னால் நான் எத்தனாவது வரை படித்தேன் என்று கேட்பார்.

அந்த வீட்டில் சமைக்க ஒரு அக்கா வருவாள். முதலியார்பேட்டையிலிருந்து விடியற்காலையில் நடந்தே வருவாள். முசியே வீட்டைச் சேர்த்து அந்தத் தெருவில் ஐந்து வீட்டு வேலை. நல்ல கை, அதைவிட நல்ல வாய். முசியே முதுகுக்குப் பின்னால் அவரை ‘ஏனக்கட’, அதாவது பாத்திரக்கடை, என்பாள். “பதினேழு ஏனம் வச்சிகினு ஒண்ணுல சோறு துன்ன முடியல, இன்னா பொழப்பு” என்பாள். அந்தத் தெருவில் வேலைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுக்காரர் ‘வேண்டாம்’ என்று சொன்னால் காரணம் கேட்காமல் மற்ற வீடுகளும் கதவைச் சாத்தும். எல்லோரும் ஒரே மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகிறவர்கள். பூசை முடிந்து வாசலில் நிற்கிற கால்மணி நேரத்தில் ஒருத்தியின் பிழைப்பு முடிந்துபோகும்.

ஊர்ப் பெரியவர்களையும் சில வெள்ளைக்காரர்களையும் கூப்பிட்டு வீட்டுக் கூடத்தில் ஒரு சொற்பொழிவு நடத்த முசியே ஏற்பாடு செய்தார். அதற்குப் பத்து நாள் முன்பு, பார்த்து ரசித்துவிட்டு, கிண்ணத்தை அலமாரியில் பூட்டாமல் மேசையிலேயே வைத்துவிட்டுப் பூசைக்குப் போனார். பல்லி ஒன்று அதில் எச்சம் போட்டது. அக்கா பார்த்தாள். வீட்டில் அழுக்கான ஏனத்துக்கு என்ன செய்வாளோ அதைச் செய்தாள். வெந்நீரில் சோப்பு கரைத்து, ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, துடைத்து, திரும்பத் துணிமேல் வைத்தாள்.

முசியே வந்து பார்த்தபோது பறவைக்குக் கண் இல்லை. கண் மட்டுமல்ல, தலையும் பாதிக் கழுத்தும் இல்லை. அந்த இடத்தில் வெள்ளையாக, ஈரத்தில் ஊறிப்போன பிளாஸ்டர் தெரிந்தது. “மோந்தியே!” என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டு அவர் போட்ட சத்தத்தில் நான் கொல்லையிலிருந்து ஓடிவந்தேன்.

“எச்சம் கெடந்துச்சு முசியே. கழுவி வச்சன்.”

“கழுவி வச்சியா? எழுநூறு வருஷத்த நார் போட்டுத் தேச்சியா?”

“நார்ல தேச்சா சுட்ட ஏனத்துல பூ போவுமா? எங்க வூட்ல பீங்கான் தட்டு முப்பது வருஷமா தேய்க்கறன், ஒரு எதழு ஒதிரல.”

அக்கா சொன்னது அத்தனையும் சரி. அதைச் சொல்ல எட்டாவதுகூட வேண்டாம். களிமண்மேல் வரைந்து, கண்ணாடிப் பூச்சு பூசி, சூளையில் சுட்டால் அந்தக் கோடு பூச்சுக்கு அடியில் போய்விடும். தண்ணீரும் சோப்பும் நாரும் அதைத் தொடவே முடியாது. கழுவினால் போகிறது என்றால் அது சூளையைப் பார்க்காத சாயம். கிண்ணத்தின் நடுவில் எப்போதோ ஓட்டை விழுந்திருக்கிறது. யாரோ ஒரு வியாபாரி பிளாஸ்டர் வைத்து அடைத்து, காலியாக இருந்தால் விலை போகாதென்று ஒரு தலையும் கண்ணும் வரைந்து, மேலே வார்னிஷ் அடித்துச் சந்தையில் வைத்திருக்கிறான். ஈரான் குயவன் என்ன கண் வரைந்தான் என்பது யாருக்கும் தெரியாது. முசியேவின் முப்பது பக்கமும் அந்த வியாபாரியின் கைவேலையைப் பற்றியது.

அக்கா போன பிறகு இதை முசியேவிடம் சொன்னேன். சந்தேகமிருந்தால் இன்னொரு கிண்ணத்தை வெந்நீரில் போட்டுப் பார்க்கலாம், அசலென்றால் ஒன்றும் ஆகாது என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அலமாரியைப் பார்த்தார். கை தானாகச் சங்கிலிச் சாவிக்குப் போனது. “எத்தனாவது படிச்ச நீ?” என்றார். அந்தக் கை போன விதத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. சோதித்துப் பார்க்க அவருக்குப் பயம். பதினேழில் எத்தனை மிஞ்சும் என்று தெரிந்துகொள்வதைவிட ஒரு சமையல்காரி பாழாக்கிவிட்டாள் என்று நம்புவது அவருக்குச் சுலபம்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு, கிண்ணத்தைக் கழுவிப் பாழாக்கிவிட்டாள் என்று முசியே சொல்ல, மற்ற நான்கு வீடும் அக்காவுக்குக் கதவைச் சாத்தின. மூலை வீட்டு மதாம், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, விசாரிக்கவென்று முசியே வீட்டுக்கு வந்தாள். அக்காவும் வாசலில் நின்றிருந்தாள். “நீங்களே சொல்லுங்க முசியே, நா பாழாக்குனனா? ஒரு வார்த்த சொல்லுங்க, போதும். வேல போனா போவட்டும், பேரு போவக்கூடாது” என்றாள். முசியே சுவரைப் பார்த்தார். அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் தோட்டக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் என் காலிலேயே ஊற்றிக்கொண்டிருந்தது. மழைக்காலம் தொடங்கியிருந்தது. கொட்டகையை விட்டால் பஸ் ஸ்டாண்டுதான். நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து முசியே கொட்டகைக்கே வந்தார். அதற்கு முன்பு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கையில் கிண்ணம், ஒரு பழைய போட்டோ. “நீ மேட்டுப்பாளையத்துல வரைஞ்சவன்தானே? இதுல இருக்கிற மாதிரியே போட்டுடு. சும்மா, பாக்கறதுக்கு” என்றார். எனக்கு அங்கேயே சிரிப்பு வந்தது. சிரிக்காமல் ஒரு நிபந்தனை சொன்னேன். நான்கு வீட்டுக்கும் நேரில் போய், அக்கா எதையும் பாழாக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “சரி” என்றார். வாதாடுவார் என்று நினைத்திருந்தேன். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதில்தான் அவர்மேல் மிச்சமிருந்த கொஞ்ச மரியாதையும் போனது. உண்மையோ பொய்யோ, அவருக்குக் கண் வேண்டும்.

வரைந்தேன். வாட்டர் கலர்தான். பிளாஸ்டர் காய ஒரு நாள், தலைக்கும் கண்ணுக்கும் அரை மணி நேரம். மேலே அடிக்க என்னிடம் வார்னிஷ் இல்லை. முசியே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, “அதே பார்வை” என்றார்.

நான்கு வீட்டுக்கும் போகத்தான் செய்தார். என்ன சொன்னார் என்பது மறுநாள் தெரிந்தது. ‘பாவம், படிக்காதவள், அவளை மன்னித்துவிட்டேன்’ என்றாராம். இரண்டு வீடு அக்காவைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. மூலை வீட்டு மதாம் யோசிக்கிறேன் என்றாள், நாலாவது வீடு கதவைத் திறக்கவில்லை. சேர்த்துக்கொண்ட வீடுகளிலும் அக்கா சமையலறைக்குள் போனால் பீங்கான் அலமாரியைப் பூட்டினார்கள். சொற்பொழிவுக்கு விருந்தாளிகள் வருவதால் முசியே அக்காவுக்கும் ஆள் அனுப்பினார். அவள் வந்தாள். அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, “மன்னிச்சிட்டானாம். இன்னாத்துக்குடா மன்னிச்சான்? திருடனவள மன்னிக்கலாம், ஒடச்சவள மன்னிக்கலாம். ஏனம் கழுவனவள மன்னிச்ச ஊரு இதான்” என்றாள். நான் என் நிபந்தனையைப் பற்றிச் சொன்னேன். ஜன்னல் திட்டில் காய வைத்திருந்த என் தூரிகையை எடுத்துப் பார்த்தாள். நுனியில் கறுப்பு. திரும்ப அங்கேயே வைத்தாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. நான்கு வீட்டுக்காரர்களும் முன்வரிசையில். முசியே கோட்டு போட்டிருந்தார். பிரெஞ்சில் பேசினார். மொழி தெரியாவிட்டாலும் கை போகிற திசையை வைத்து எந்த ஊரில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். பாக்தாத், ஈரான், மங்கோலியர். பிறகு கிண்ணத்தை ஏந்திக்கொண்டு முன்வரிசைக்குப் போய், சுண்டுவிரலால் கண்ணைக் காட்டினார். நான் மூன்று நாள் முன்பு வரைந்த கண். வெள்ளைக்காரர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். ஒரு அம்மாள் ‘ஆ’ என்றாள். முசியே குரல் தழுதழுத்தது. நடிப்பல்ல. உண்மையாகவே உருகினார். வரைந்தவன் கதவோரம் நிற்கிறான் என்பதை மறந்தே போயிருந்தார்.

அக்கா காப்பித் தட்டோடு வந்தாள். தட்டை மேசையில் வைத்தாள். போகவில்லை.

“ஒரு சந்தேகம் முசியே. நா கழுவி அழிச்சிட்டன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்க. மன்னிச்சிட்டன்னும் சொன்னீங்க. அழிஞ்ச கண்ணு எப்டி திரும்பி வந்துச்சு?”

“உள்ள போ” என்றார் முசியே தமிழில். அக்கா அங்கிருந்த தண்ணீர்க் குவளையில் கட்டைவிரலை நனைத்து, அவர் கையிலிருந்த கிண்ணத்தில் வைத்து ஒரே இழுப்பு இழுத்தாள். அழுத்திக்கூடத் தேய்க்கவில்லை. விரலைத் தூக்கி முன்வரிசைக்குக் காட்டினாள். கறுப்பாக இருந்தது. பிறகு அதே விரலை மறுபடி நனைத்து, பறவையின் இறக்கையில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். நகம் வெளுக்கத் தேய்த்தாள். தூக்கிக் காட்டினாள். சுத்தமாக இருந்தது.

“சுட்டது போவாது. போனது நேத்து வந்தது. இத்தத்தான் நா கழுவனன். எனக்கு இன்னாத்துக்கு மன்னிப்பு?”

மூலை வீட்டு மதாம்தான் முதலில் சிரித்தாள். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு பக்கத்திலிருந்த வெள்ளைக்காரருக்குப் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். அந்த ஆள் கிண்ணத்தை வாங்கி, கண் அழிந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு, மிச்சம் முழுவதையும் வெகுநேரம் பார்த்தார். முசியே விட்டாரா? “மெதாம், மெசியே, மறுசீரமைப்பும் வரலாற்றின் ஒரு பகுதிதான்” என்கிற மாதிரி ஏதோ தொடங்கினார் என்று மதாம் பிறகு சொன்னாள். யாரும் கேட்கவில்லை. காப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

அரை மணி நேரத்தில் என் தகரப் பெட்டி தெருவில் இருந்தது. அவரே தூக்கி வந்து வைத்தார். அந்த ஒரு உடலுழைப்பைத்தான் அவரிடம் நான் பார்த்தேன். கருவடிக்குப்பத்தில் சிமெண்ட் கிடங்கு ஒன்றில் காவல் இருக்கும் ஒரு சிநேகிதனை நினைத்துக்கொண்டு பெட்டியைத் தோளில் ஏற்றினேன். வாசலில் மதாம் அக்காவை நிறுத்தி, நாளையிலிருந்து வரச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“வரன் மதாம். அலமாரிய மட்டும் பூட்டாதீங்க. பூட்டுனா அன்னிக்கே நின்னுடுவன்.”

“பூட்டமாட்டேன்” என்றாள் மதாம். ஆசிரியையாக இருந்தவள் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

அக்கா தெருவில் இறங்கி நடந்தாள். நான் பெட்டியோடு கூடவே போனேன். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பானேன்? அவளுக்காகத்தான் அந்த நிபந்தனை போட்டேன் என்று மறுபடி சொன்னேன்.

“எனக்காவா?” நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். முசியேவை அவள் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. “அந்தாளு ஒண்ணும் தெரியாதவன், ஒளறுனான். உனுக்குத் தெரியும் இல்ல? அன்னிக்கி மதாம் எதுர்ல நா உன் மூஞ்சியப் பாத்தன். கால்ல தண்ணி ஊத்திகினு நின்ன. அப்புறம் கொட்டாயில குந்திகினு அந்தக் கண்ண நீயே வரைஞ்சி குடுத்த. அதுல எனக்கு இன்னா கீது?”

பெட்டியை வேறு தோளுக்கு மாற்றினேன்.

“எங்கியாவது போய் ஏனம் கழுவற வேல இருந்தா பாரு” என்றாள். “வரையற வேல ஒனக்கு வேணாம்.”

முதலியார்பேட்டைப் பக்கம் அவள் திரும்பினாள், நான் வடக்கே போனேன். அதற்குப் பிறகு எட்டு ஊரில் இருந்துவிட்டேன். எல்லா ஊரிலும் வரைந்துதான் பிழைத்தேன்.